பெரியப்பாவின் கரண்டும் கொழுப்பு மாத்திரையும்

மெல்போர்னிலிருந்து ஒன்றரை மாச லீவில் வந்தேன். அதில் 20 நாள் அன்னூருக்கும் கோயம்புத்தூருக்கும் கார் ஓட்டியே போனது. பெரியப்பாவுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய். ஊரில் 'கரண்டு வைக்கிறது' என்பார்களே, அந்தக் கதிர்வீச்சு. ஒரு நாளைக்கு 3 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு), மொத்தம் 60. முன்பு 37 தடவை வைத்ததை 20 தடவையிலேயே முடிக்கலாம் என்று பிரிட்டனில் நடந்த ஆய்வு 2016இல் காட்டியது. தோட்டத்தையும் மாட்டையும் விட்டு வருகிறவருக்கு 17 நாள் மிச்சம்.

ஆஸ்பத்திரியில் பில்லிங், பார்க்கிங், கேண்டீன் எதிலும் குறையில்லை. டெக்னீஷியன் பிள்ளைகள் தங்கம். குறை வேறு இடத்தில். குடல் தள்ளி நிற்க மூத்திரப்பை நிரம்பியிருக்க வேண்டும் என்பதால், முக்கால் மணி நேரம் முன்பே அரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். ஒரு நாள் எல்லோரும் குடித்து முடித்த பிறகுதான் மெஷின் ரிப்பேர் என்றார்கள். ஆறு பெரியவர்கள் காலைப் பின்னிக்கொண்டு, யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா தாங்காமல் எழுந்து போய்விட்டு வந்து, மறுபடி முதலிலிருந்து குடித்தார்.

அதைவிடக் கோபம் வந்தது மருந்துப் பையைப் பார்த்தபோது. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருப்பவர், கொழுப்பைக் குறைக்கும் அட்டார்வாஸ்டாட்டின் அட்டையில் ஒரு மாத்திரைகூடப் பிரிக்கவில்லை. "கரண்டு வைக்கறப்ப வேற மாத்திரை ஆவாதுன்னாங்க சாமி." சொன்னது டீக்கடை. ஃபைலிலோ 'வேறு மருந்துகள்: இல்லை' என்று எழுதியிருந்தது. கேட்டு எழுதினார்களா, கேட்காமலே எழுதினார்களா, தெரியாது.

டாக்டரிடம் போனேன். உடனே ஆரம்பிக்கச் சொன்னார், இதயத்துக்காக. அப்புறம்தான் சுவாரசியமான பேச்சு. சிகாகோவில் கதிர்வீச்சு எடுத்த 691 பேரின் பழைய பதிவுகளைப் புரட்டி 2010இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வகை மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் பிஎஸ்ஏ (புரோஸ்டேட் புற்றுநோயைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் அளவு) மறுபடி ஏறியது குறைவாம். புற்றுச் செல்லுக்கு மேல்சவ்வு கட்டவும் ஆண் ஹார்மோன் செய்யவும் கொலஸ்ட்ரால் வேண்டும். அது கிடைப்பதைக் குறைத்தால் கதிர் நன்றாக வேலை செய்யலாம் என்பது யோசனை. "ஆனா இந்த மாத்திரையே பிஎஸ்ஏவைக் கொஞ்சம் இறக்கிடும். சாப்பிடறவங்க செக்கப்புக்கும் ஒழுங்கா வர்றவங்க, அவங்க நல்லா இருக்கறதுக்கு அதுவே காரணமா இருக்கலாம். அதனால புற்றுநோய்க்குன்னு இதை நான் எழுதித் தர்றதில்லைங்க" என்றார். வரிசையில் அத்தனை பேர் நிற்க, எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்தார். மெல்போர்னில் இந்தப் பேச்சுக்கே தனி அப்பாயின்ட்மென்ட் வாங்க வேண்டும்.

கடைசி நாள் பக்கத்து நாற்காலிக்குப் புதிதாக ஒருவர் வந்தார். பெரியப்பா அவர் பக்கம் சாய்ந்தார்.

"ஏனுங், கொழுப்பு மாத்திரை போடறீங்ளா? போட்டா நிறுத்தீறாதீங்."

அவர் பாட்டில் மூடியைத் திருகினார்.

"அட, இருங். மெஷினு ஓடுதான்னு கேட்டுப்போட்டுக் குடிங்."