பச்சைச் சாயம் ஏற்றிய நைலான் 66: வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

அமெரிக்காவில் பழைய .22 (சின்னத் தோட்டா) துப்பாக்கிகள் சேகரிக்கும் நம்மவர்கள் யாராவது ரெமிங்டன் நைலான் 66-இல் பச்சை நிறத்தைத் தேடிக்கொண்டிருந்தால், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். சாதாரண பிரவுன் ஸ்டாக்குக்கு (துப்பாக்கியின் கட்டைப் பகுதி) பச்சைச் சாயம் ஏற்றி, 'அசல் செனெகா கிரீன்' என்று ஆன்லைன் ஏலத்தில் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு வந்தது அப்படி ஒன்று. விற்றவர் ஏதோ பெட்டிக்கடைக்காரர் இல்லை. வேறு மாநிலத்தில் உரிமத்தோடு கடை நடத்துபவர், ஏலத் தளத்தில் நூற்றுக்கணக்கான நல்ல மதிப்பீடுகள் வாங்கியவர். தகராறு இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் பெயர் போடவில்லை.

இந்தத் துப்பாக்கியைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. 1959-இல் ரெமிங்டன் இதை 49.95 டாலருக்குச் சந்தையில் விட்டது. அப்போது ரெமிங்டன் டூபாண்ட் கம்பெனியின் கையில் இருந்தது. மரத்தைக் கடைந்து ஸ்டாக் செய்வது செலவு பிடிக்கும் வேலை. அதற்குப் பதில் அச்சில் வார்க்கக்கூடிய, உடையாத, வெயில் மழைக்கு வளையாத ஒன்றைத் தாருங்கள் என்று கேட்டார்கள். டூபாண்ட் கொடுத்தது ஸைட்டெல் என்ற நைலான். ஸ்டாக், ரிசீவர் (இயந்திரம் உட்காரும் நடுப்பகுதி) எல்லாம் அந்த ஒரே நைலான் உடல்தான். வெளியே இரும்பு ரிசீவர் போலத் தெரிவது வெறும் தகட்டு உறை. எடை நாலு பவுண்டு சொச்சம். பின்கட்டைக்குள் இருக்கும் குழாயில் 14 தோட்டா போகும். பிளாஸ்டிக் துப்பாக்கியா என்று சிரித்தவர்கள் வாயை அடைக்க, அந்த வருடமே டாம் ஃபிரை என்ற கம்பெனி ஆள் மேலே எறியப்பட்ட 1,00,010 மரக்கட்டைகளைச் சுட்டார். தவறியது 6. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. 1980-களின் இறுதி வரை பத்து லட்சத்துக்கும் மேல் செய்து விற்றார்கள்.

பத்து லட்சம் என்றால் அரிய பொருளாக இருக்க வாய்ப்பில்லைதானே. அங்கேதான் நிறம் வருகிறது. அதிகம் வந்தது மோஹாக் பிரவுன். பேரலும் (குழல்) மேல் உறையும் குரோம் பூச்சோடு வந்தது அபாச்சி பிளாக். செனெகா கிரீனை 1959-இல் தொடங்கி 1962 வாக்கில் நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, அதனால் நிறுத்தினார்கள். இன்றைக்கு எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். நான் பார்த்த ஏலங்களில் நல்ல பிரவுன் 300, 400 டாலரில் முடியும்போது, பச்சை அதைப்போல இரண்டு பங்கு சர்வசாதாரணமாகப் போகிறது. உள்ளே இருக்கும் இயந்திரம் ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க நைலானின் நிறத்தில். ஏமாற்ற நினைக்கிறவனுக்கு இதைவிட வசதியான பொருள் வேறு என்ன வேண்டும்? நைலான் சாயத்தை நன்றாகப் பிடிக்கும் சரக்கு வேறு.

இன்னொரு சிக்கல், அசல் பச்சையே பார்த்தவுடன் பச்சை என்று சொல்லிவிட முடியாதபடி இருண்டது. டியூப்லைட் வெளிச்சத்தில் அதையும் பிரவுன் என்றே நினைப்பீர்கள். வெயிலில் கொண்டுபோய்ப் பிடித்தால்தான் ஆலிவ் நிறம் மேலே வரும். அதனால் விளம்பரப் படத்தில் நிறம் கொஞ்சம் மங்கலாக இருந்தால்கூட, 'ஆமாம், அது அப்படித்தான் இருக்கும்' என்று விற்பவர் சுலபமாகச் சமாளித்துவிடலாம். எனக்கும் அதே பதில்தான் வந்தது.

நான் 780 டாலருக்கு எடுத்தேன். கூரியர் 40 டாலர் தனி. போஸ்ட் ஆபீஸ் மணி ஆர்டரில் அனுப்பினால் 3 சதவீதம் மிச்சம் என்று விற்பவர் ஆசை காட்டினார். அந்த 3 சதவீதம் போனால் போகிறது என்று கார்டில் கட்டினேன். இதை மட்டும் மறக்காமல் செய்யுங்கள், காரணம் பின்னால் வருகிறது. வீட்டில் வேறு, "ஏங்க, பிளாஸ்டிக் துப்பாக்கிக்கா இவ்வளவு?" என்று கேள்வி. பச்சை, அரிது, விலை ஏறும் என்று பெரிய விளக்கமெல்லாம் கொடுத்தேன்.

வேறு மாநிலத்தில் வாங்கினால் துப்பாக்கி நேராக வீட்டுக்கு வராது என்பது வாங்கியவர்களுக்குத் தெரியும். உள்ளூரில் உரிமம் உள்ள டீலரிடம் வரும்; அங்கே 4473 என்ற கூட்டாட்சி அரசின் துப்பாக்கி வாங்கும் படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து, பிறகுதான் கையில் கிடைக்கும். (எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் கவனிக்க: குடியேறா விசாவில் உள்ளவர்கள் துப்பாக்கி வாங்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போல சில விலக்குகள் உண்டு. விவரம் தெரியாமல் படிவத்தில் கை வைக்காதீர்கள்.) ஏலத்தில் பொதுவாக மூன்று நாள் பரிசோதனை அவகாசம் தருவார்கள், சுடாமல் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பலாம். ஆனால் படிவம் நிரப்பித் துப்பாக்கி உங்கள் பெயருக்கு மாறிவிட்டால் அந்த அவகாசம் முடிந்தது என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். என் விற்பனையாளரும் போட்டிருந்தார். ஆகவே பார்க்க வேண்டியதையெல்லாம் டீலரின் மேசையிலேயே, பேனாவைத் தொடும் முன் பார்த்துவிட வேண்டும்.

என் டீலர் வயதானவர், சிறுவயதில் இதே நைலான் 66-ஐ வைத்து அணில் சுட்டவர். பெட்டியைப் பிரித்ததும் பழக்கதோஷத்தில் ஒரு வெள்ளைத் துணியில் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு மேல் உறையைத் துடைத்தார். இந்தத் துப்பாக்கியின் உள்பாகங்களுக்கு எண்ணெயே தேவையில்லை என்பது ரெமிங்டனின் பெருமை. ஆனால் அந்தத் தகட்டு உறை மட்டும் விரல் ரேகை பட்டாலே துருப்பிடிக்கும். துடைத்த துணி ஓரத்தில் நைலானைத் தொட்டது. அந்த இடத்தில் துணி வெளிர்பச்சையாகிவிட்டது.

அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "வாசலுக்குக் கொண்டு போகலாம், வாங்க" என்றார்.

வெயிலில் பார்த்தால் கதை முழுக்கத் தெரிந்தது. நைலான் 66-இன் முன்பிடியில் வெள்ளை டயமண்டுகள் பதித்திருப்பார்கள். சாயம் போடும்போது அவற்றை டேப் ஒட்டி மறைத்திருக்கிறார்கள் போல. ஒரு டயமண்டின் கீழ் முனையில் தலைமுடி அளவுக்குப் பச்சைக் கோடு உள்ளே கசிந்திருந்தது. இன்னொன்றில் கசிந்ததை மறைக்க வெள்ளை பெயிண்ட் தொட்டு வைத்திருந்தார்கள். நகத்தால் தடவினால் அந்த இடம் மட்டும் மேடாக இருந்தது. பிடியில் இருக்கும் சதுரச் செதுக்கலின் பள்ளங்களில் சாயம் தேங்கி, மேடுகளைவிடக் கருத்துப் போயிருந்தது. அசலில் இப்படி இருக்க வழியே இல்லை. நிறம் நைலானிலேயே கலந்து வார்க்கப்பட்டது, மேலே பூசியது அல்ல.

அப்புறம் உள்ளே. போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளும் பாகம்) கைப்பிடியை வெளியே இழுத்து எடுத்து, திருகுகளைக் கழற்றினால் மேல் உறை வந்துவிடும். அதைத் தாண்டி ஒரு திருகைத் தொட்டாலும் ஸ்பிரிங்கும் பின்னும் சிதறும், திரும்பப் பூட்டுவதற்குள் தாவு தீர்ந்துவிடும் என்று இந்தத் துப்பாக்கிக்குக் கெட்ட பெயர் உண்டு. சாயம் போட்டவருக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது. எதையும் பிரிக்காமல் வெளியில் மட்டும் ஏற்றியிருக்கிறார். உறையைத் தூக்கியதும் உள்ளே சுத்தமான மோஹாக் பிரவுன்.

இதெல்லாம் தேவைப்பட்டிருக்கவே வேண்டாம், பேரலின் இடது பக்கத்தை விளம்பரத்தில் காட்டியிருந்தால். ரெமிங்டன் தன் பேரல்களில் செய்த மாதத்தையும் வருடத்தையும் எழுத்துகளாகப் பொறிக்கும். மாதத்துக்கு 'பிளாக்பவுடர்எக்ஸ்' என்பதை ஆங்கிலத்தில் (BLACKPOWDERX) எழுதிக்கொள்ளுங்கள், 12 எழுத்து வரும். முதல் எழுத்து ஜனவரி, கடைசி எக்ஸ் டிசம்பர். வருடத்துக்கு 1959 எஃப், 1960 ஜி, 1961 எச், ஐ-யை விட்டுவிட்டு 1962 ஜே. பச்சை என்றால் இந்த நாலில் ஒன்றைத்தான் எதிர்பார்க்க வேண்டும். என்னுடையதில் இருந்தது ஓ, எஸ். அதாவது 1969 ஜூலை. பச்சையை நிறுத்தி ஏழு வருடம் கழித்து!

போதாக்குறைக்கு அதில் சீரியல் எண்ணும் இருந்தது. 1968-இல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்த பிறகுதான் எல்லாத் துப்பாக்கிக்கும் எண் கட்டாயமானது. அறுபதுகளின் பிற்பகுதி வரை நைலான் 66-க்கு ரெமிங்டன் எண் போட்டதில்லை. அதனால் அசல் பச்சைக்கு எண் இருக்காது, இல்லாதது குற்றமும் இல்லை. தலைகீழாகவும் யோசியுங்கள்: எழுபதுகளின் எழுத்து பொறித்த பேரல், ஆனால் எண்ணைக் காணோம், அந்த இடம் தேய்த்ததுபோல் இருக்கிறது என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடாதீர்கள். எண் அழித்த துப்பாக்கியை வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம்.

பேரல் எழுத்தை மட்டும் நம்பியும் பயனில்லை. இதில் பேரலைக் கழற்றி மாற்றுவது சுலபம், ஒரு திருகு வேலை. 1961 பேரலைத் தேடிப் பிடித்து மாட்டிவிட்டால் எழுத்து சரியாகவே இருக்கும். எழுத்து, எண், உள்நிறம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

படத்தை வைத்தே சந்தேகப்பட ஒரு வழி இருக்கிறது. அந்த வெள்ளை டயமண்டுகளைப் பாருங்கள். அவை பளிச்சென்று வெள்ளையாக இல்லாமல் லேசாகப் பச்சை தட்டினால், படத்தின் நிறத்தைத் திருகியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிரவுனைச் சாயமே போடாமல் போனிலேயே பச்சையாக்குகிற சோம்பேறிகளும் இருக்கிறார்கள். என்னிடம் விற்றவர் அந்த அளவில் உழைப்பாளி.

திருப்பி அனுப்புவதாக அன்றைக்கே மின்னஞ்சல் போட்டேன், படங்களோடு. வந்த பதிலை அப்படியே சுருக்கித் தருகிறேன். முதலில், "எனக்குப் பச்சையாகத்தான் தெரிகிறது." உள்நிறத்தின் படத்தைக் காட்டியதும், "ஒரு எஸ்டேட் விற்பனையில் (இறந்தவர் வீட்டுச் சாமான்களை விற்பது) வாங்கினேன், அவர்கள் சொன்னதைத்தான் போட்டேன்." அதன் பிறகு வந்ததுதான் உச்சம்: "நீங்கள் எண்ணெய் போட்டுத் துடைத்து அசல் நிறத்தைக் கெடுத்துவிட்டீர்கள்." ரெண்டு சொட்டு துப்பாக்கி எண்ணெய்க்குக் கரைகிற அசல் நிறமாம். கடைசியில் திருப்பி எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார், ஆனால் 15 சதவீதம் 'திரும்பவைப்புக் கட்டணம்' பிடித்துக்கொண்டு. அதுவே 117 டாலர். போன கூரியர், வந்த கூரியர், டீலர் கட்டணம், கார்டுக்கான அந்த 3 சதவீதம் எல்லாம் சேர்த்தால் 260 டாலருக்கு மேல், பொய் விளம்பரம் போட்டவருக்காக நான் கட்டியது. ஏலத் தளத்தில் புகார் கொடுத்தால், "விற்பவர் திரும்பப் பெற்றுவிட்டார், பிரச்சினை தீர்ந்தது" என்று மூடிவிட்டார்கள். நல்ல மதிப்பீடுகள் அத்தனை எப்படி வந்தன என்று அப்போதுதான் புரிந்தது. திருப்பி அனுப்பியவர்களால் அங்கே மதிப்பீடு எழுதவே முடியாது.

பச்சையில் மட்டும்தான் இந்த வேலை நடக்கிறது என்றும் நினைக்காதீர்கள். இந்த மாடல் பிறகு பிரேசிலில் சி.பி.சி. கம்பெனியில் தயாரானது, அமெரிக்காவுக்கு எஃப்.ஐ.இ. பெயரில் ஜிஆர்-8 பிளாக் பியூட்டி என்று வந்தது. நல்ல துப்பாக்கிதான், ஆனால் ரெமிங்டன் விலை அதற்குக் கிடையாது. பேரலில் என்ன எழுதியிருக்கிறது என்று படம் கேளுங்கள். கறுப்பு நைலானும் நீலக் கருப்பு இரும்புமாக ரெமிங்டனே பின்னாளில் விட்ட பிளாக் டயமண்டை 'குரோம் போன அபாச்சி' என்று கதைவிடுகிறவர்களும் உண்டு. துருவைச் சுரண்டி மறுபடி கருப்பேற்றிய மேல் உறைகள் தெருவுக்குத் தெரு கிடைக்கும். அதில் எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கும். சீரியல் எண் இல்லாததையே 'பழசு, அரிது' என்று விலை ஏற்றுவதும் வழக்கம். அறுபதுகளில் வந்தவை அப்படித்தான் குவியலாகக் கிடக்கின்றன.

கார்டு நிறுவனத்திடம் 'பொருள் விவரித்தபடி இல்லை' என்று தாவா போட்டிருக்கிறேன். டீலர் தன் கடை லெட்டர்ஹெட்டில், பேரல் எழுத்தும் உள்நிறமும் சாயம் ஒட்டிய துணியும் பற்றி அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். பிடித்துக்கொண்ட 117 டாலரைத் தற்காலிகமாக வரவு வைத்திருக்கிறார்கள், விற்பவரின் பதிலுக்குக் காத்திருக்கிறோம். அவரோ அதே துப்பாக்கியை மறுபடி ஏலத்தில் ஏற்றிவிட்டார். டயமண்டின் கீழ் முனையில் அதே பச்சைக் கோடு. தலைப்பில் 'அசல்' என்ற சொல்லை மட்டும் எடுத்திருக்கிறார், ஆரம்ப விலை 650 டாலர். பேரலின் இடது பக்கப் படம் இப்போதும் இல்லை.