பெயர் எழுதாத உறையில் மாத்திரை தந்தால் வாங்காதீர்கள்

அடிவயிற்று வலியும் சலக்கடுப்பும் விட்டுவிட்டு வருகிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். யாழ்ப்பாண நகரில் உள்ள ஒரு தனியார் மருத்துவ நிலையம் என் அக்காவை மாதக்கணக்கில் அலைக்கழித்துவிட்டது.

எப்போது போனாலும் ஒரே பதில்தான்: "சலத்தில் கிருமி." உடனே அன்ரிபயோட்டிக். அதுவும் சின்னக் கடதாசி உறைக்குள். மேலே "காலை 1, இரவு 1" என்ற கிறுக்கல் மட்டும். மருந்தின் பெயரைக் கேட்டதற்கு, "தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள் பிள்ளை?" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னார் வைத்தியர். கட்டணத்தை மட்டும் ஒரு தடவையும் குறைக்கவில்லை. கல்ச்சர் (சிறுநீரில் எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) செய்யவில்லை, ஸ்கானுக்கும் அனுப்பவில்லை. "யாழ்ப்பாணத்துத் தண்ணீர் அப்படித்தான்" என்றார். சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர்மேல் பழி போடத் தெரிந்தவர், அப்போதே சிறுநீர்க்கல் இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டாமா?

வலி விலாவிலிருந்து தொடையிடுக்குக்கு இறங்கி, நடுக்கத்தோடு காய்ச்சலும் வந்த இரவு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். அங்கே முதற்கேள்வி, என்ன மருந்து எடுத்தீர்கள் என்பதுதான். உறைகளை மேசையில் பரப்பினோம். அவற்றைப் பார்த்து யாரால் என்ன சொல்ல முடியும்?

ஸ்கானில், சிறுநீரகத்திலிருந்து சலப்பைக்கு இறங்கும் சிறுநீர்க்குழாயின் கீழ்முனையில் கல். மேலே சிறுநீரகம் வீங்கியிருந்தது. அந்த இடத்துக் கல், கிருமித் தொற்றைப் போலவே அடிக்கடி சலம் போக வைக்கும், எரிவும் தரும். நிலையம் முன்பு எடுத்த சிறுநீர் அறிக்கையிலேயே செங்குருதிக் கலங்கள் இருந்தன; கல் இருந்தாலும் அவை வரும். அதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

எல்லோருக்கும் கல்தான் என்று நான் சொல்லவில்லை. பெண்களுக்குச் சூலகக் கட்டியாகவோ கருப்பைக்கு வெளியே தங்கிய கருவாகவோ இருக்கலாம். ஆண்களுக்குப் புரஸ்டேட் சுரப்பியில் கோளாறு இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தொற்று திரும்பத் திரும்ப வரலாம். கிருமியே இல்லாமல் சலப்பை எரிகிற நோயும் உண்டு. இத்தனையையும் ஒரே உறை மாத்திரையால் எப்படித் தீர்ப்பது?

அன்ரிபயோட்டிக்கின் முதல் மாத்திரையை விழுங்குமுன்பே கல்ச்சருக்குச் சிறுநீர் கொடுங்கள். பிறகு கொடுத்தால் கிருமி பிடிபடாமல் போகலாம். முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். ஆனால் நடுக்கக் காய்ச்சல், வாந்தி, சலம் அடைபடுதல் இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திராமல் பெரியாஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அங்கே காசு கேட்க மாட்டார்கள்.

அக்காவுக்கு இப்போது, அடைபட்ட சலம் இறங்குவதற்குக் குழாய் வைத்திருக்கிறார்கள். கல்லை இனித்தான் எடுக்க வேண்டும். பற்றுச்சீட்டுகளையும் அந்த உறைகளையும் சேர்த்து முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறோம்.