செஃபாரியா: வேதபாட வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒரு நல்ல துணை

சபையில் வேதபாட வகுப்பு எடுக்கிற எனக்கு 136ஆம் சங்கீதம் மனப்பாடம். மொத்தம் 26 வசனங்கள், ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடியும். இதை யூதர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று வெகுநாளாகத் தெரிந்துகொள்ள ஆசை. எங்கள் ஊர்ப் புத்தகக் கடைகளில் அதற்கு ஒன்றும் அகப்படவில்லை. செஃபாரியாவில் கிடைத்தது.

இது யூத நூல்களுக்கான இணைய நூலகம். ஜோஷுவா ஃபோயரும் பிரெட் லாக்ஸ்பீசரும் 2011இல் தொடங்கிய, லாபநோக்கமற்ற அமைப்பு நடத்துகிறது. கட்டணம் கிடையாது, படிக்க மட்டும் என்றால் கணக்குகூடத் தொடங்க வேண்டாம். எபிரேய மூலமும் ஆங்கிலமும் சேர்ந்தே வரும். தமிழ் இல்லை, ஆகவே ஆங்கிலம் ஓரளவாவது படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இதன் அருமையே பக்கவாட்டில் திறக்கும் பலகைதான். ஒரு வசனத்தைத் தொட்டால் ரஷி முதலான பழைய யூத உரையாசிரியர்களின் உரைகள், அந்த வசனத்தை எடுத்தாளும் தல்மூத் (ரபிகளின் விவாதங்களும் விளக்கங்களும் அடங்கிய பெரிய தொகுப்பு) பகுதிகள், மித்ராஷ் என்னும் வேத விளக்க நூல்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். 136இலிருந்து அப்படியே தல்மூத்தின் பெசாகிம் என்ற பிரிவில் 118க்குப் போனேன். அங்கே ரபி யெகோஷுவா பென் லேவி கேட்கிறார்: ஏன் 26 முறை? ஆதாம் முதல் மோசே வரை 26 தலைமுறைகள் தோரா (மோசேயின் நியாயப்பிரமாணம்) இல்லாமலே வாழ்ந்தன; அவர்களையும் கடவுள் தம் தயவாலேயே போஷித்தார், அதனால்தான் என்கிறார். கட்டளை இன்னும் வரவில்லை, கீழ்ப்படிந்தார்கள் என்று சொல்லவும் வழியில்லை, ஆனாலும் சோறு கிடைத்தது. இத்தனை வருஷம் பாடியும் நான் அந்த எண்ணை ஒருநாளும் யோசித்ததில்லை. அதே பக்கத்தில் ரபி யோகனான், உன்னதத்தில் வீற்றிருக்கிறவர் ஒவ்வொரு ஜீவனுக்கும் ஆகாரம் பங்கிடுவதால்தான் இந்தச் சங்கீதம் 'பெரிய ஹல்லேல்' (பெரிய துதிப்பாடல்) எனப்படுகிறது என்கிறார்.

அப்புறம் தல்மூத்தின் இன்னொரு பிரிவான சன்ஹெட்ரினில் 37. இந்த ஒரு பக்கத்துக்காகவே செயலியைத் தரவிறக்கலாம். மரண தண்டனை வழக்கில் சாட்சி சொல்ல வருகிறவர்களை நீதிமன்றம் எச்சரிக்கும் இடம் அது. மனிதன் ஏன் ஒற்றை ஆளாகப் படைக்கப்பட்டான்? 'என் தகப்பன் உன் தகப்பனைவிடப் பெரியவன்' என்று ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல், மக்களுக்குள் சமாதானம் இருப்பதற்காக. அதே இடத்திலேயே நாணயமும் வருகிறது: மனிதன் ஒரே முத்திரையில் அடிக்கும் காசுகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும், கடவுளோ எல்லாரையும் ஆதாமின் முத்திரையில் அடித்தும் ஒருவர் மற்றவரைப்போல் இல்லை. எல்லாரும் ஒரே வம்சம், ஆனால் ஒவ்வொருவரும் வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற இந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 'ஓர் உயிரை அழிப்பவன் உலகையே அழித்தவன்' என்ற புகழ்பெற்ற வாக்கியமும் இங்கேதான். அச்சுப் பதிப்புகள் பலவற்றில் 'இஸ்ரவேலில் ஓர் உயிர்' என்று இருக்கும். காஃப்மன் ஏடு போன்ற பழைய கையெழுத்துப் பிரதிகளில் 'இஸ்ரவேலில்' என்ற சொல் இல்லை. எல்லாருக்கும் தகப்பனான ஆதாமை வைத்து வாதம் நடப்பதால் பழைய பாடமே பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

ஆங்கிலத்தில் தல்மூத் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தடித்த எழுத்தில் இருப்பதுதான் மூலத்தின் நேர் மொழிபெயர்ப்பு. மெல்லிய எழுத்து ரபி ஸ்டைன்சால்ட்ஸின் விளக்கம். வகுப்பில் மேற்கோள் காட்டுகிறவர்கள் இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

பயனர்களே தொகுத்துப் போடும் பாடத் தாள்களும் உண்டு. யார் வேண்டுமானாலும் தொகுக்கலாம் என்பதால் தரம் ஏறி இறங்கும். நான் அதில் தலைப்பை மட்டும் பார்த்துக்கொண்டு மூலத்துக்குப் போய்விடுவேன்.

தல்மூத் முழுக்க வாதமாயிற்றே, இதில் சமாதானம் எங்கே என்று வகுப்பில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தல்மூத்துக்கு அடிப்படையான பழைய சட்டத் தொகுப்பு மிஷ்னா; அதில் யெவாமோத் 1:4ஐத் திறந்து காட்டினேன். யார் யாரை மணக்கலாம் என்பதிலேயே ஹில்லேல், ஷம்மாய் என்ற இரு ஆசான்களின் பள்ளிகளுக்குள் கருத்து வேறுபாடு. ஆனாலும் ஒரு தரப்பு மறு தரப்பில் பெண் எடுக்காமல் இருந்ததில்லை என்கிறது மிஷ்னா. பலகையைத் தொட்டால், சத்தியத்தையும் சமாதானத்தையும் சேர்த்தே நேசிக்கச் சொல்லும் சகரியா 8:19ஐத் தல்மூத் இதற்குச் சான்றாகக் காட்டுவது தெரியும். தோற்ற தரப்பின் கருத்தையும் அழிக்காமல் அதே பக்கத்தில் விட்டுவைத்திருக்கிறார்கள். மிஷ்னாவின் 63 பிரிவுகளும் இப்படித்தான் வாதாடிக்கொண்டே போகும். கடைசிப் பிரிவான உக்சினின் கடைசி வாசகத்தில், ஆசீர்வாதத்தைத் தாங்க சமாதானத்தைவிட நல்ல பாத்திரம் கடவுளுக்குக் கிடைக்கவில்லை என்கிறார் ரபி ஷிமோன் பென் கலாஃப்தா.

புதிதாக வருகிறவர்கள் நேராகத் தல்மூத்தில் இறங்க வேண்டாம். தெரிந்த சங்கீதம் ஒன்றைத் திறந்து, அதிலிருந்து பக்கவாட்டில் நகருங்கள். சின்னத் திரையில் பலகை கீழே ஒடுங்கிவிடும், ஆகவே கணினி வசதி. சிக்னல் சரியில்லாத ஊர் என்றால் செயலியில் நூல்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.