பான்ச்சியாவா, வூஃபெங்கா? தைவானின் இரண்டு லின் மாளிகைகள்

பழைய தைவான் வீடுகளின் கைவேலையைப் பார்க்க ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால், எந்த லின் குடும்பத்தின் மாளிகைக்குப் போவது? இரண்டும் வேறு வேறு குடும்பங்கள்.

தைபே அருகே இருக்கும் பான்ச்சியாவ் மாளிகை பணக்கார வணிகக் குடும்பத்துடையது. அதன் தோட்டம் 1893இல் முழுமை பெற்றது. அங்கே சுவர் சன்னல்களிலேயே அரைநாள் போய்விடும். வௌவால், வண்ணத்துப்பூச்சி, பழங்காசு என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம். சீன மரபில் வௌவால் நற்பேற்றின் அடையாளம், அதனால்தான் அதற்கு அத்தனை இடம். சன்னல் வழியே தெரியும் தோட்டமும் அந்த வேலைப்பாட்டில் சேர்த்திதான். குளக்கரையில் சுதை பூசிய செயற்கை மலைகள் உண்டு. குடும்பத்தின் பூர்வீகமான, சீனாவின் சாங்சோ பகுதியின் மலைகளை நினைத்துச் செய்தவை அவை. எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

தைச்சுங் பக்கத்து வூஃபெங் மாளிகை படைத்தலைவர்களின் வீடு. அதன் முக்கியக் கட்டடமான கோங்பாவ்தியின் முகப்பு மட்டுமே 11 தூண் இடைவெளி அகலம். மாளிகை வளாகத்தில் நாடக மேடையோடு கூடிய பெரிய மண்டபம், மரவேலையே அதன் அழகு. ஆனால் 1999 செப்டம்பர் 21 நிலநடுக்கத்தில் இந்த மாளிகையின் பெரும்பகுதி இடிந்தது. இன்று நாம் பார்ப்பதில் நிறைய மறுகட்டுமானம். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். பழைய முறையில் மரம் இழைக்கத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றனவே! பான்ச்சியாவ் தோட்டமும் 1980களில் பெரிய அளவில் சீரமைக்கப்பட்டதுதான்.

சரி, நுணுக்கம் பார்க்கவேண்டுமென்றால் பான்ச்சியாவ். மரச்சட்டம், உத்தரம், கூரை எப்படிக் கூடுகின்றன என்று புரியவேண்டுமென்றால் வூஃபெங். முதல்முறை போகிறவர்களை நான் பான்ச்சியாவுக்கே அனுப்புவேன்.