அந்தியில் தெரியாத எண்

போன வாரம் அலுவலகத் தம்பி ஒருவர் கூப்பிட்டார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், இந்த வருஷம்தான் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார். "அண்ணா, நீங்க வெச்சிருக்கிற அதே ரேஞ்ச்ஃபைண்டர் இப்ப விலை இறங்கியிருக்குதுங்க, வாங்கிடட்டுங்களா?" என்றார். வேட்டையில் தூரம் அளக்கிற சின்ன லேசர் கருவியைச் சொல்கிறார். வேண்டாம் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். நாலு சீசன் வைத்திருந்து, நாலு பேரிடம் பாராட்டியும் பேசிய ஒரு பொருளை ஏன் வேண்டாம் என்கிறேன் என்று அவருக்குக் குழப்பம். போனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தின் மேற்குப் பக்கம், கலமசூ நகருக்கு வடக்கே. இங்கே மான் வேட்டையில் வில்லுக்கு அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரை. அடுத்த நாளிலிருந்து மாதக் கடைசி வரை துப்பாக்கி. டிசம்பர் பிறந்தால் மறுபடி வில். தெரிந்த விவசாயி ஒருவரின் அனுமதியோடு அவருடைய மக்காச்சோளக் கொல்லை ஓரத்து ஓக் மரத்தில் உட்காருவேன், தரையிலிருந்து 20 அடி உயரத்தில். இங்கே ட்ரீ ஸ்டாண்ட் என்பார்கள், எனக்கு அது பரண்தான். தினைப்புனத்துக்குக் காவல் இருக்கக் கட்டிய பரணுக்கு இருந்த பேர் இதற்கும் பொருந்துகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அது நியாயம். தூரம் அளப்பதில் இந்தக் கருவி ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. டேப் வைத்து 20, 30, 40 கஜத்தில் (ஒரு கஜம் மூன்று அடி) குச்சி நட்டுப் பார்த்தேன், மூன்றும் அப்படியே வந்தன. லேசர் துடிப்பு ஒன்று போய்ப் பட்டுத் திரும்பி வரும் நேரத்தைத்தான் அது அளக்கிறது. ஒரு கஜம் போய்த் திரும்ப ஒளிக்கு ஆறு நானோ நொடி போதும். அந்த இடைவெளியை உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பெட்டி பிரித்துப் பார்க்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். ஒரு தடவை பரணிலிருந்து நழுவி நேராகக் கீழே விழுந்தது. எடுத்துத் துடைத்துப் பார்த்தேன், வேலை செய்தது. மூன்றாவது சீசனில் லென்ஸுக்குள் ஆவி படிந்து போனது. அனுப்பி வைத்தேன், மூன்று வாரத்தில் காசு வாங்காமல் சரி செய்து அனுப்பினார்கள். சிஆர்2 பேட்டரி ஒன்று போட்டால் ஒரு சீசன் முழுக்க ஓடிவிடுகிறது, குளிரிலும்.

பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் ஆயிரம் கஜம் எதற்கும் உதவாது. வில்லுக்கு அறுபது கஜத்துக்கு மேல் அளந்து என்ன செய்ய? அடுத்ததாகக் கோணத் திருத்தம். மேலிருந்து கீழே பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியும் சாய்வுத் தூரத்தை விட்டுவிட்டு, தரைத் தூரத்துக்குத்தான் குறி வைக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 20 அடி உயரத்திலிருந்து சாய்வுத் தூரம் 20 கஜம் என்றால் தரைத் தூரம் 19 கஜத்துக்குக் கொஞ்சம் குறைவு. 30 என்றால் 29-க்குச் சற்று மேல். ஒரு கஜ வித்தியாசத்தால் அம்பு மானைத் தவறவிடாது. மலைச்சரிவில் நின்று எய்பவர்களுக்கு இது உயிர்நாடி. நம் சமவெளிப் பரணில் இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. தேவைப்பட்டால் ஒரு வழி இருக்கிறது. மான் நடக்கும் தடத்தின் பக்கத்தில் ஒரு மரம் இருக்குமே, அதன் தண்டில் உங்கள் கண்ணுக்கு நேர் உயரத்தில் லேசரை வையுங்கள். வருவது தரைத் தூரமேதான்.

இனி என் வயிற்றெரிச்சல். இந்தக் கருவியில் எண் கறுப்பாகத் தெரியும். எல்சிடி. பட்டப்பகலில், அதுவும் பனி விழுந்து தரை வெளுத்துக் கிடக்கும் டிசம்பர் மதியத்தில், அந்தக் கறுப்பு எண் அச்சடித்த மாதிரி துல்லியமாக இருக்கும். அப்போது ஒளிரும் சிவப்பு எண் காட்டும் கருவிகள் வெளிறிப் போகும், அதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் மான் மதியத்திலா வருகிறது? வெள்ளைவால் மான் விடிகிற நேரத்திலும் பொழுது சாய்கிற நேரத்திலும் நடமாடுகிற பிராணி. இங்கே சட்டப்படி சூரியன் உதிக்க அரை மணி முன்னாலிருந்து, மறைந்து அரை மணி வரை எய்யலாம். மாலையில் அந்தக் கடைசி அரை மணிக்காகத்தான் மதியம் இரண்டு மணியிலிருந்து விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறோம். சரியாக அந்த நேரத்தில் கறுப்புப் புதருக்கு முன்னால் கறுப்பு எண்! போதாததற்கு, அந்த எல்சிடி தகடு பார்வைப் பாதையிலேயே உட்கார்ந்திருப்பதால் வருகிற கொஞ்சம் வெளிச்சத்திலும் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. வெறுங்கண்ணுக்குத் தெரிகிற மான் கருவிக்குள் மங்கிவிடும்.

இரண்டாவது சீசன், நவம்பர் இரண்டாம் வாரம், இணை சேரும் காலம். ஐந்தரை வாக்கில் சூரியன் விழுந்துவிட்டது. இருபது நிமிஷம் கழித்துக் கொல்லையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய ஆண் மான், தலையைத் தாழ்த்தி மோப்பம் பிடித்துக்கொண்டே வந்தது. அறுப்பு முடிந்த கொல்லை, நடுவில் அடையாளத்துக்கு ஒரு மரம்கூட இல்லை. கருவியை மெதுவாகத் தூக்கி அழுத்தினேன். ஏதோ ஓர் எண் விழுந்தது, படிக்க முடியவில்லை. முதல் இலக்கம் மூன்று மாதிரி இருந்தது, இரண்டாவது தெரியவே இல்லை. மறுபடி அழுத்தினேன். பின்னணிக்கு வானம் கிடைக்குமா என்று கருவியைக் கொஞ்சம் மேலே தூக்கினேன். அந்த அசைவில் மான் நிமிர்ந்து பார்த்தது. அதற்கு மேல் பொறுக்க முடியாமல் முப்பது என்று வைத்து, வில்லின் குறிக்கருவியில் முப்பது கஜத்துக்கான புள்ளியை வைத்துக் குறி பார்த்து எய்தேன். அம்பு நெஞ்சுக்குக் கீழே போய் மண்ணில் குத்தியது.

எய்திருக்கக் கூடாது. அதை முதலில் சொல்ல வேண்டியது நான்தான், கருவியில்லை. மறுநாள் காலையில் போய் அளந்தேன், 38 கஜம். என் வில்லில் அம்பு நொடிக்கு 280 அடி வேகத்தில் போகிறது. முப்பதுக்கு வைத்த குறியில் எட்டு கஜம் தள்ளி நின்றால் கிட்டத்தட்ட ஏழு, எட்டு அங்குலம் தாழ்ந்துவிடும். அன்றைக்கு அது முழுதாகத் தாழ்ந்ததால் மான் தப்பியது. இரண்டு மூன்று கஜம் குறைவாக இருந்திருந்தால் மார்பின் அடியில் பட்டு, சாகாமல், எந்தக் காட்டிலோ படுத்துத் துடித்திருக்கும். அந்த நினைப்பு வந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்பில் ரத்தம் இல்லை, ஒரு முடிகூட இல்லை என்று டார்ச் அடித்து மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

நிறுவனத்துக்கு எழுதினேன். வடிவமைப்பே அப்படித்தான், பழுது ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. பழுதில்லைதான். பகலுக்குச் செய்ததை வில் வேட்டைக்கு என்று விற்கிறார்களே, என் கோபம் அங்கேதான்.

சின்னக் குறைகள் சிலவும் உண்டு. கூட வரும் பையில் வெல்க்ரோ, பிரித்தால் காடே கேட்கும், முதல் நாளே தூக்கிப் போட்டேன். மோடு பட்டனைக் கையுறையோடு கொஞ்சம் அதிகநேரம் அழுத்தினால் கஜம் மீட்டராகிவிடும். 30 மீட்டர் என்பது 33 கஜம், ஆகவே ஏறியதும் ஓரத்தில் தெரியும் எழுத்தைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். மானுக்கும் நமக்கும் நடுவில் ஒரு சுள்ளி இருந்தால் சுள்ளியின் தூரத்தைச் சொல்லும். பின்னால் இருப்பதை எடுத்துக்கொள்ளும் மோடு இருக்கிறது, அக்டோபரில் இலை உதிரும் முன் அதில் வைத்திருங்கள். வில்லிலேயே பொருத்தி, நாணை இழுத்தபடியே அளக்கும் குறிக்கருவியும் வந்துவிட்டது, கார்மின் 2018-ல் கொண்டுவந்த ஸீரோ மாதிரி. கையை அசைக்க வேண்டாம் என்பது பெரிய வசதி. ஆனால் வில்லில் மின்னணுச் சாதனம் கூடாது என்கிற மாநிலங்கள் உண்டு, விலையும் வேறு தளம்.

அந்த நவம்பருக்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டது ஒன்றுதான். பரணில் ஏறி, பாதுகாப்பு வாரை மாட்டி, வில்லை மேலே இழுத்ததும் வெளிச்சம் இருக்கும்போதே சுற்றியுள்ள எல்லாவற்றையும் அளந்துவிடுவேன். இடது பக்கம் இரட்டை மேப்பிள் 22, விழுந்து கிடக்கும் கட்டை 27, வேலிக் கம்பம் 34. வெட்டவெளியான கொல்லையில் விவசாயியைக் கேட்டு 30-லும் 40-லும் ஒவ்வொரு குச்சி நட்டேன். இப்படி இரண்டு சீசன் போனதும், எதிர்பாராத ஒன்று நடந்தது. கண்ணே அளக்கப் பழகிவிட்டது. கார் நிறுத்துமிடத்தில் நடந்துபோகும்போது அந்த விளக்குக் கம்பம் 31 என்று மனசு சொல்லும், கருவியை எடுத்துப் பார்த்தால் 31 அல்லது 32 இருக்கும். போன நவம்பரில் வந்த பெண் மானை அளக்கவே இல்லை. இரட்டை மேப்பிளைத் தாண்டி இரண்டடி வைத்தது, அம்பு போனது, அறுபது கஜத்துக்குள் விழுந்தது. அந்தக் கறுப்பு எண் கொடுத்த பயிற்சி அது, மறுக்க மாட்டேன்.

இருந்தும் தம்பிக்கு என் பதில் வேண்டாம்தான். அவருக்கு இது முதல் சீசன், கண் இன்னும் பழகவில்லை, அந்திநேரத்தில் கை நடுங்கும். சிவப்பு எண் காட்டுவதாக, அதன் பிரகாசத்தைக் குறைக்கக்கூடியதாக ஒன்று வாங்கட்டும். குறைக்க முடியாவிட்டால் அந்தச் சிவப்பே இருட்டில் கண்ணைக் கூசவைத்து மானை மறைக்கும். உருப்பெருக்கம் ஆறு மடங்கு தேவையில்லை, நாலைந்தில் பார்வைப் பரப்பு அகலமாக இருக்கும், கிட்டே நிற்கும் மானைச் சட்டென்று பிடிக்கலாம். கூடச் செலவாகும், ஆகட்டும்.

கடையில் ட்யூப்லைட்டுக்குக் கீழே எதை எடுத்துப் பார்த்தாலும் நன்றாகத்தான் தெரியும், தம்பி. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. பக்கத்து வீட்டுக்காரரிடம் சிவப்பு எண் கருவி இருக்கிறது, கேட்டு வைக்கிறேன். பொழுது சாய்ந்து இருபது நிமிஷம் ஆனதும் பின்பக்க வேலியோரம் நிற்கிற அந்தக் கறுத்த வால்நட் மரத்தில் இரண்டையும் வைத்து அழுத்திப் பாருங்க. அது 36 கஜம்.