இரண்டாவது டர்போவும் போன பிறகு: பஞ்சிகாவத்தைச் சாமானா, கார்ட்ரிட்ஜா, புதியதா?

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ முதல் முறை போனபோது நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1.6 லீட்டர் டீசல் கார், பத்து வருடத்துக்கு மேல் ஓடியது, போகத்தான் செய்யும் என்று நினைத்தேன். மாற்றி ஏழாவது மாதம், காலி நகரிலிருந்து திரும்பிக் கொட்டாவையை நெருங்கும்போது அதே விசில் சத்தம். பின்கண்ணாடியில் நீலப் புகை.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025இல்தான் திரும்பத் திறந்தது. அதனால் கொழும்பில் என்னைப் போலப் பழைய டீசலை விடவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் நிற்பவர்கள் நிறையப் பேர். எல்லோர் முன்னாலும் இருப்பவை இந்த மூன்று வழிகள்தான்.

கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் பாவித்த டர்போதான் ஆக மலிவு. என் முதல் மாற்று அதுதான். வாங்கினால், இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் தண்டைக் கடையிலேயே பிடித்து அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது ஆடுவது சரி, ஏனென்றால் அந்த பெயாரிங் ஒயில் படலத்தில் மிதந்து சுற்றுவதற்காகச் செய்யப்பட்டது. முன்னும் பின்னுமாக ஆடினால் வேண்டாம். போன் வெளிச்சத்தில் காற்றிழுக்கும் சக்கரத்தின் இதழ் நுனிகளையும் பாருங்கள். சிதைந்திருந்தால் ஏதோ உள்ளே போயிருக்கிறது. ஆனால் பழைய சொந்தக்காரர் எத்தனை ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு முறை ஒயில் மாற்றினார் என்பதை எந்த வெளிச்சமும் காட்டாது.

புதிய முழு டர்போ பொருளளவில் ஆகச் சிறந்தது. விலைதான் கையைக் கடிக்கும். உத்தரவாதம் இருக்கிறதே என்றும் நிம்மதியாக இருக்க முடியாது: ஒயில் பட்டினியால் போனது என்று தெரிந்தால் அது பெரும்பாலும் செல்லாது.

நடுவில் இருப்பது கார்ட்ரிட்ஜ். தண்டு, பெயாரிங், இரண்டு பக்கச் சக்கரங்கள் எல்லாம் ஒன்றாகப் பூட்டி பேலன்ஸ் செய்து வரும். டர்போவின் பழைய வெளிக்கூட்டுக்குள் வைத்துப் பூட்ட வேண்டியதுதான். நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் போகும் தண்டு இது. ஆகவே பேலன்ஸ் அறிக்கை கொடுக்காத இடத்தில் வாங்காதீர்கள். பெயாரிங் கிட்டை மட்டும் மாற்றி, பேலன்ஸ் பார்க்காமல் பூட்டித் தருவது இன்னும் மலிவு, ஆனால் அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கூட்டின் உட்சுவரைச் சக்கரம் உரசியிருந்தாலோ, புகைப்பக்கத்தில் திரும்பும் தகடுகள் கரியில் இறுகித் தேய்ந்திருந்தாலோ கார்ட்ரிட்ஜ் பிரயோசனமில்லை. அப்போது புதியதுதான்.

இவ்வளவையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்த என்னை நிறுத்தியவர் தெமட்டகொடையில் ஒரு வயதான பாஸ் (மெக்கானிக்). கழற்றிய டர்போவைப் பிரித்து, தண்டை என் கையில் தந்தார். பெயாரிங் உட்கார்ந்த இடம் காய்ந்த இரும்புச்சட்டி போல நீலக்கறுப்பாக இருந்தது, கீறல் ஒன்றுகூட இல்லை. அழுக்கு ஒயில் என்றால் வரிவரியாகக் கீறியிருக்கும், இது ஒயிலே வராமல் வெந்தது என்றார். டர்போவுக்கு ஒயில் கொண்டுபோகும் குழாயின் போல்ட்டைத் திறந்தார். அதற்குள் இருக்கும் சின்ன வலையில் கறுப்புக் களி, ஊசி நுழைய இடமில்லை.

“டர்போட வருத்தமில்லை தம்பி, எஞ்சின்ட வருத்தம்.”

டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் அடியிலுள்ள செப்பு வாஷர்கள் கசிந்திருந்தன. சில டீசல் எஞ்சின்களில் அந்த வழியாகத் தப்பும் கரி ஒயிலில் கலந்து, எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் சம்ப்புக்குள் ஒயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கிறது. முதல் முறை வேலை செய்த கராஜில் ஒயில் குழாயைக் காற்றால் ஊதிவிட்டுப் பூட்டினார்கள். சம்ப்பைத் தொடவே இல்லை. அந்த நிலையில் பெட்டி பிரிக்காத புது டர்போவைப் போட்டிருந்தாலும் அதே ஏழு மாதம்தான் தாங்கியிருக்கும். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

என் கூடும் தகடுகளும் நன்றாக இருந்ததால் கார்ட்ரிட்ஜ் எடுத்தேன். அதற்கு முன் வாஷர்கள் புதிதாக, சம்ப் கழற்றிச் சல்லடை கழுவி, ஒயில் குழாயும் போல்ட்டும் புதிதாக. பழைய டர்போ கக்கிய ஒயில், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் தேங்கியிருந்தது, அதையும் வடித்தோம். பூட்டும்போது பாஸ் டர்போவுக்குள் ஒயில் ஊற்றி, இன்ஜெக்டர் வயர்களைக் கழற்றிவிட்டு, ஒயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றினார். கடைசியாக, திரும்பும் ஒயிலை ஒரு தண்ணீர்ப் போத்தலில் பிடித்து ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டார். அளவு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும்; என்னுடையதற்குக் குறைந்தது 0.3 லீட்டர் வர வேண்டும். வந்தது.

சம்ப் வேலைக்கு அவர் எடுத்த கூலி கார்ட்ரிட்ஜ் விலையில் கால் பங்கும் இல்லை. பாவித்த டர்போதான் கைக்கு எட்டுகிறது என்றால் அதையே வாங்குங்கள், ஆனால் இந்த வேலையைச் செய்வித்த பிறகு பூட்டுங்கள்.

இப்போது 5,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை ஒயிலும் பில்டரும் மாற்றுகிறேன். காலி வீதி நெரிசலில் மீற்றர் நகராமல் எஞ்சின் ஓடும் மணித்தியாலங்களும் ஒயிலுக்குக் கணக்குத்தான். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கியதும் சாவியைத் திருப்பாமல் இரண்டு நிமிடம் ஐடிலில் விடுகிறேன். அடுத்த ஒயில் மாற்றத்தில் அந்தப் போல்ட்டை மறுபடி திறந்து வலையைப் பார்க்க வேண்டும் என்று பாஸ் சொல்லியிருக்கிறார்.