ஆடி அலையா, ஐப்பசி மேகமா? கொந்தளிக்கும் கடலைப் படமெடுக்க எந்தக் கரை

கொந்தளிக்கும் கடலைப் படமெடுக்கக் கிளம்புகிறவருக்குத் தமிழ்நாட்டில் இரண்டு கரைகள் இருக்கின்றன, இரண்டு பருவங்களும் இருக்கின்றன. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம்: முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சோழமண்டலக் கரை: சென்னையில் தொடங்கி மாமல்லபுரம், புதுச்சேரி, தரங்கம்பாடி என்று நாகப்பட்டினம் வரை. பலரும் இரண்டாவதையே தேர்ந்தெடுக்கிறார்கள். புயல் என்றால் டிவியில் காட்டுவது அந்தக் கரையைத்தானே. என் கட்சி வேறு. அலை வேண்டுமென்றால் முட்டம், வானம் வேண்டுமென்றால் கிழக்குக் கரை. இரண்டும் ஒரே படத்தில் வேண்டும் என்று போனால் பெரும்பாலும் இரண்டுமே கிடைக்காது.

முதலில் அலை. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடல் மேல் வாரக்கணக்கில் ஒரே திசையில் வீசுகிறது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் கிளம்பிய நீண்ட அலைகளும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. அந்தப் பெரிய அலைகளுக்கு நடுவே பத்துப் பதினைந்து விநாடி இடைவெளி கிடைக்கும். படமெடுப்பவருக்கு இது பெரிய வசதி. தூரத்தில் எழும்போதே அலை தெரிந்துவிடும். எந்தப் பாறையில் மோதும் என்று பார்த்துக் குறிவைத்துக் காத்திருக்கலாம். முட்டத்தில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைகள் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்பதால் மோதலும் அங்கேயே நடக்கிறது. 70-200 லென்ஸ் ஒன்று போதும். துளித்துளியாகச் சிதறுவதைப் பிடிக்க ஆயிரத்தில் ஒரு விநாடி ஷட்டர். பாறையிலிருந்து நீர் இழை இழையாக வடிவதைக் காட்ட அரை விநாடி.

கிழக்கே கதை வேறு. நீளமான மணற்கரை, மெதுவான சரிவு. புயலின் காற்று கிளப்பும் அலைகள் நெருக்கமாக, குழம்பி வந்து, கரைக்கு முன்னாலேயே உடைந்து வெள்ளைக் கோடுகளாகிவிடும். முகத்துவாரங்கள் பக்கம் தண்ணீரும் சேற்று நிறமாக இருக்கும். மோதுவதற்குக் கல் வேண்டும். அதனால்தான் அந்தப் பக்கம் எல்லோரும் கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய தூண்டில் வளைவுகளையும் புதுச்சேரி கடற்கரைச் சாலையின் கருங்கற்களையும் தேடிப் போகிறார்கள். புதுச்சேரியின் பழைய துறைமுகப் பாலம் ஒரு காலத்தில் அந்தக் கரையின் படங்களுக்கு மிகச் சிறந்த முன்புலப் பொருளாக இருந்தது. 2022 மார்ச்சில் கடல் சீற்றத்தில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்துவிட்டது. இப்போது அந்த இடத்துக்கு நான் தரங்கம்பாடியைச் சொல்வேன். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, கடல் அரித்துக்கொண்டிருந்த மாசிலாமணிநாதர் கோயில், முன்னால் கொட்டிய பாறைகள், எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வரும்.

வானத்துக்கு வந்தால் கிழக்குக் கரைக்கு ஈடே இல்லை. சாயங்காலம் சூரியன் நமக்குப் பின்னால், நிலத்துப் பக்கம் இறங்கும். மேற்கே ஒரு சின்ன இடைவெளி திறந்தால் போதும், அந்தச் சாய்ந்த வெளிச்சம் நேராகப் போய்க் கடல் மேல் நிற்கும் கருமேகத்தில் விழும். கறுத்த பின்னணியில் மஞ்சள் படிந்த படகும், சில நாள் வானவில்லும் கிடைக்கும். ஐப்பசியில் இது பல முறை நடக்கும். கேமரா மட்டும் அந்தக் கருமையைச் சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்துவையுங்கள்.

முட்டத்திலும் வெளிச்சம் மோசமில்லை. ஜூனில் சூரியன் வடமேற்கே சாய்ந்து இறங்கும், கரையும் ஏறக்குறைய அதே போக்கில் ஓடுகிறது. அதனால் மாலை வெளிச்சம் சாரலின் ஊடே பக்கவாட்டில் வரும். ஆனால் மேகம் பெரும்பாலும் உருவமில்லாத சாம்பல் போர்வைதான்.

மின்னல் வேண்டுமா? ஜூன், ஜூலையில் முட்டத்துக்குப் போக வேண்டாம். தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும்போது இடி மின்னல் குறைவு. கிழக்கே வடகிழக்குப் பருவத்தின் தொடக்க நாட்களில், நள்ளிரவுக்கு மேல் விடியற்காலை வரை, கடல் மேல் மேகக் கூட்டங்கள் மின்னிக்கொண்டு கரையை நோக்கி வரும். ட்ரைபாட், எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100 அல்லது 200, பத்து இருபது விநாடி திறந்துவைத்தால் மின்னல் தானே வந்து பதியும். சென்னை, காரைக்கால் ரேடார் படங்களை போனில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். திறந்த மணலில் நீங்களும் ட்ரைபாடும்தான் உயரமாக இருப்பீர்கள் என்பதால், கடல் மேல் மின்னும் வரைதான் வேலை. இடி காதுக்குக் கேட்டால் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள்.

புயல் கரையைக் கடக்கும் நாளைப் பற்றி ஒரு பெரிய மயக்கம் இருக்கிறது. 2018 கஜா, 2020 நிவர், 2022 மாண்டஸ், 2024 ஃபெஞ்சல், நான்கும் கரையைக் கடந்தது இரவில். 2016 வர்தா பிற்பகலில் சென்னையைக் கடந்தது, ஆனால் அந்த மழையில் எதிர்வீடே தெரியவில்லை என்றால் கடல் எங்கே தெரியும்? கடற்கரையில் போலீஸ் தடுப்பும் போட்டிருப்பார்கள். படம் கிடைப்பது ஒன்றிரண்டு நாள் முன்னால். துறைமுகத்தில் ஒன்றாம் எண், இரண்டாம் எண் கூண்டு ஏறியிருக்கும், புயல் இன்னும் தூரத்தில் இருக்கும், மேகத்தின் விளிம்புப் பட்டைகள் மட்டும் வந்து வந்து போகும். அந்த நேரத்தைப் பிடியுங்கள்.

ஆபத்தில் முட்டம்தான் முன்னால் நிற்கிறது. கிழக்கே புயல் முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும். குமரியில் கடல் கொஞ்ச நேரம் அடங்கிக் கிடந்துவிட்டு, அடுத்தடுத்து மூன்று நான்கு பெரிய அலைகளை அனுப்பும். பருவமழைக்கு முன்னாலேயே, வெயில் அடிக்கும் நாளில்கூட, கள்ளக்கடல் வரும்; தூரக் கடலில் கிளம்பிய நீண்ட அலைகள் திடீரென்று கரையேறுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது அப்படிப்பட்ட ஒரு நாளில்தான். குளச்சல் முதல் கீழக்கரை வரை என்று கடல் சீற்ற எச்சரிக்கை வந்திருந்தால் பாறைப் பக்கமே இறங்காதீர்கள். வராத நாளிலும் இருபது நிமிடம் சும்மா நின்று பாருங்கள். பாறையில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறதோ, அதற்கு நல்ல உயரத்தில் நில்லுங்கள்.

தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் வள்ளங்கள் அலையில் தூக்கி எறியப்படும் காட்சிக்காகவே சிலர் போகிறார்கள். அங்கே படகு கவிழ்ந்து மீனவர்கள் செத்திருக்கிறார்கள். அதற்காக லென்ஸோடு காத்திருப்பது எனக்கு ஒப்பவில்லை.

கருவிக்கு எது மோசம்? மழை இல்லை, உப்பு. முட்டத்தில் சாரல் லென்ஸில் படிந்து காய்ந்துவிடும். அப்படியே துடைத்தால் கீறல் விழும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, அப்புறம் துடையுங்கள். முன்னால் ஒரு பில்டர் இருப்பது நல்லது. கிழக்கே பெரிய தொல்லை, ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் வேர்ப்பதுதான். கொஞ்சம் முன்னாலேயே ஏசியை நிறுத்திவிட்டால் சரியாகிவிடும்.

சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு, மேகத்தைப் பார்த்ததும் கிளம்புகிறவருக்குக் கிழக்குக் கரைதான் சரி. ஒரு நாள் ஏமாந்தாலும் மறுநாள் போகலாம். லீவு போட்டு ஒரே ஒரு பயணம் என்றால் நாகர்கோவிலுக்கு ரயில் ஏறுங்கள். புயல் எப்போது வரும் என்று யாரும் நாள் குறிக்க முடியாது, ஆனி ஆடியில் முட்டத்தில் அலை இருக்கும்.

தனுஷ்கோடியையும் கேட்பார்கள். 1964 புயலில் சிதைந்த தேவாலயச் சுவர்கள் நல்ல முன்புலம்தான், ஆனால் சாயங்காலத்துக்கு மேல் இருக்க விடமாட்டார்கள். ஆடிக் காற்றில் அங்கே பறப்பது தண்ணீரைவிட மணல்தான் அதிகம். போனால் லென்ஸ் மாற்றும் வேலையை வண்டிக்குள்ளேயே முடித்துக்கொண்டு இறங்குங்கள்.